கட்டைக்குள் வைத்த குலவை

“…வாய் நெறைய தண்ணிய வச்சுக்கிட்டு எவளாவது குலவை போடுவாளா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க.”

எங்கள் பாட்டுக் குழுவில் கோரஸ் பாடும் அக்கா, மேடைக்குக் கீழே நின்று கோயில் கமிட்டித் தலைவரிடம் இப்படிக் கேட்டாள். கேட்டது அவரிடம்தான். ஆனால் அந்தக் கேள்வி போய் விழவேண்டிய ஆள் அவருக்குப் பக்கத்திலேயே, பட்டு ஜிப்பாவும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த வேறு ஊர்க்காரர் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். எல்லாரும் தன்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். எதில் மாஸ்டர் என்று இத்தனை வருடம் அவரோடு சுற்றிய எனக்கே தெரியாது. ச எங்கே இருக்கிறது, ப எங்கே இருக்கிறது என்று கேட்டால் மைக்கைச் சரிபார்ப்பது போலத் திரும்பிக்கொள்வார்.

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பகலில் எனக்கு வேலை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்கிற ஒரு ஆபீசில். சாயங்காலமும் விடுமுறையும் கீபோர்டுக்கு. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. எந்த ஊர்க்காரனோ எந்த மொழியிலோ பேசிப் போட்ட வீடியோக்களைப் பார்த்து, பேச்சு புரியாமல், அவன் விரலை மட்டும் பார்த்துக் கற்றேன். வாசிப்பதைவிட எனக்கு ஆசை வேறொன்றில். கடையில் வாங்கும் கீபோர்டுக்குள் என்ன சத்தம் இருக்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளாமல், நமக்கு வேண்டிய சத்தத்தை நாமே பதிவு செய்து, வெட்டி, செதுக்கி, ஒரு கட்டையில் உட்கார வைப்பது. கட்டை என்பது கீபோர்டின் கருப்பு வெள்ளைப் பற்கள். அப்படிச் செய்த சத்தத்தை நாங்கள் டோன் என்போம். வெளிநாட்டில் செய்த பெட்டிக்குள் வயலின் இருக்கும், ஆர்கன் இருக்கும், கடல் அலைகூட இருக்கும். உறுமி இருக்காது. சங்கு இருக்காது. அதையெல்லாம் நாம்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

அனுப்புவதில்தான் பல பேருக்குச் சோம்பல். இதற்கென்றே வாட்ஸ்அப்பில் டோன் வியாபாரிகள் இருக்கிறார்கள். ‘சவுத் இந்தியன் ஃபுல் கிட், ஒரிஜினல்’ என்று ஒரு படம் போடுவார்கள், படத்தில் தீ எரியும், சிங்கம் நிற்கும். யாரோ எங்கேயோ பதிவு செய்த நாதஸ்வரம் கை மாறிக் கை மாறி வந்து, கடைசியில் கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒலிக்கும். அதற்குக் ‘கிங் நாதஸ்வரம்’ என்று பெயர். ஒரு மேளச் சத்தம் உண்டு, அதைப் பதிவு செய்யும்போது பின்னால் யாரோ லேசாக இருமிவிட்டார்கள். இருமலை வெட்டி எடுக்க ஒருவனுக்கும் பொறுமை இல்லை. அதனால் அந்தப் புண்ணியவானின் இருமலை எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்திலும் கேட்கலாம். முகூர்த்த நேரத்தில் தாலி ஏறும்போது சரியாக இருமுவார். எங்கள் ஆபீசுக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் கல்யாண வீட்டு ஸ்பீக்கரைக் காட்டிக் கேட்டார், “ஏம்வே, அந்த மேளக்காரனுக்கு இன்னுமா நெஞ்சுச்சளி சரியாகல? ஒரு கசாயம் வச்சுக் குடுக்க ஆளில்லையா?”

மாஸ்டருக்கு அந்த இருமல் கேட்கவே கேட்காது. சொன்னால், “அதெல்லாம் ஒரு ஃபீல் வே” என்பார். நான் சங்கு குடோனுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவரைக் கெஞ்சி ஊதச் சொல்லி, ஈக்களைத் துரத்திக்கொண்டு சங்கொலியைப் பதிவு செய்து வந்தபோது அவர் சொன்னது இது: “சவுண்டு செய்யது என்ன ராக்கெட் விடுத வேலையா? ரெக்கார்டு பண்ணு, ஒட்டு, அமுக்கு. இதுக்குப் போய் மூஞ்சிய மூட்டை தூக்குனவன் மாதிரி வச்சிக்கிட்டு அலையுதீரு.” மறுவாரம் அதே சங்கைத் தன் ஃபோனில் வீடியோ எடுத்து, ‘எனது புதிய படைப்பு’ என்று போட்டிருந்தார். கீழே இதயங்களும் கும்பிடுகளும் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து நன்றி எழுதியிருந்தார். உழைப்பாளி இல்லை என்று யார் சொன்னது?

குலவையைக் கட்டைக்குள் வைக்கச் சொன்னது அக்காதான். அம்மன் பாட்டுகளில் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்திலேயே குலவையும் வேண்டும். குழுவில் பெண் என்று இருப்பது அவள் ஒருத்தி. “ஒரு வாய்தான தம்பி எனக்கு இருக்கு? பாட்டுக்கு ஒண்ணு குலவைக்கு ஒண்ணுன்னு ஆண்டவன் ரெண்டா வச்சிருக்கான்? நீங்க அந்தச் சங்கை வச்சீங்கல்லா, அது மாதிரி இதையும் வச்சு விடுங்க. நான் நிம்மதியாப் பாடிக்கிடுவேன்.”

அவள் வீட்டுக்குப் போனேன். மின்விசிறியை நிறுத்தினோம், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினோம், ஜன்னலில் போர்வை கட்டினோம். புழுக்கத்தில் இரண்டு பேரும் அவிந்துகொண்டிருந்தோம். மைக்கை நீட்டினால் அக்காவுக்குச் சத்தமே வரவில்லை. நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள், சிரித்தாள், தண்ணீர் குடித்தாள். “சும்மா எப்படி தம்பி வரும்? கல்யாணமா, காட்சியா? சாமிக்கு முன்னால வரும். உங்க மைக்குக்கு முன்னால வருமா?” என்றாள். கடைசியில் எழுந்துபோய், காலண்டரில் இருந்த அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் ஒரு கற்பூரம் ஏற்றினாள். பிறகு வந்தது பாருங்கள் குலவை. என் கையில் இருந்த முடி நட்டுக்கொண்டது.

அது முடியவில்லை, பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு குலவை. அதைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியிலிருந்து இன்னொன்று. ஈரக்கையோடு ஒரு பெண் ஓடிவந்து வாசலில் நின்றாள்.

“ஏளா, என்ன விசேஷம்? மவ முழுகாம இருக்காளா?”

“அதெல்லாம் இல்லக்கா. தம்பி ரெக்கார்டு பண்ணுது.”

“ரெக்கார்டுக்கா கற்பூரம் ஏத்துன? நான் கொழம்ப அப்படியே விட்டுட்டு ஓடி வாரேன். அடிப்புடிச்சிருந்தா உங்க தம்பிய வந்து சுரண்டச் சொல்லு.”

என்ன விசேஷம் என்று தெரியாமலே ஏன் குலவை போட்டாள் என்று அக்காவிடம் கேட்டேன். ஒருத்தி குலவை எடுத்துவிட்டால் காதில் விழுந்த மற்றவர்கள் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். தனியாக விடக் கூடாதாம். யோசித்துக்கொண்டு நிற்கிற காரியமே இல்லையாம், நாக்கு தானாகப் போய்விடுமாம். நான் மூன்று பேர் குரலையும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒற்றைக் குரலைவிட அதில்தான் கோயில் இருந்தது.

அதைக் கட்டையில் உட்கார வைக்க எத்தனையோ சாயங்காலம் போயிற்று. கட்டையை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை குலவை ஓட வேண்டும். ஆனால் மனுஷி மூச்சு வாங்குவாள். மூச்சு வாங்கிய இடத்தில் முன்னும் பின்னும் ஒட்டினால் மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கியது போல ஒரு குலுக்கல். ஒரு குரல் ஓயும் இடத்தில் அடுத்த குரல் ஏறும்படி இழை இழையாக மேலே போட்டுப் போட்டுக் குலுக்கலைக் கரைத்தேன். குலவை திடீரென்று வெடிக்காது, கொஞ்சம் எழும்பித்தான் வரும். அதற்கேற்ப ஆரம்பத்தைச் சரிவாக்கினேன். விரலை எடுத்ததும் கத்தரித்தது போல நிற்காது, காற்றில் கொஞ்சம் தங்கும். அதையும் வைத்தேன். இரண்டு கட்டை கீழே போனால் யாரோ வாய் கொப்பளிப்பது போல இருந்தது, மேலே போனால் அணில் கத்துவது போல. ஆகவே ஒரே கட்டை, இடது ஓரத்தில் கடைசிக் கட்டை, அதில் மட்டும் குலவை என்று முடிவு செய்தேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். “எம்மா… இது நானாய்யா?” என்றாள். பிறகு முகம் மாறி, “தம்பி, பாட்டுல வரும்போது மெதுவா வைங்க. கொடை அன்னைக்குச் சன்னதித் திரை தொறக்க முன்ன மட்டும் இதைத் தொட்டுறாதீங்க. கூப்புட்டா சாமி வந்துரும். வெளையாட்டுச் சாமான் இல்ல” என்றாள்.

மாஸ்டரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். “பெட்டி கூப்புட்டா சாமி வருமாக்கும்! அப்ப கரண்டு போனா சாமி போயிருமா?” என்று கேட்டுவிட்டு, தன் வேடிக்கைக்குத் தானே தொடையைத் தட்டிக்கொண்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்தக் கட்டையில் ஒட்டினார். கடைசிக் கட்டை எது என்று கண்டுபிடிக்கப் பொட்டு தேவைப்படும் ஒரு மாஸ்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

ஆத்தூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை. அக்கா தன் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருந்தது அந்த ஊரில்தான். கல்யாணம் முடிந்து வருகிற முதல் கொடை. அக்கா வழக்கத்துக்கு மாறாக அன்று வேனில் பேசவே இல்லை, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்தாள். முன்வரிசையில் சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அக்காவின் மகள், புது மருமகளுக்குரிய இடத்தில், நின்றுகொண்டு.

மதியக் கொடைக்கு முன்னால் எங்கள் பக்திப் பாட்டு. சன்னதியில் திரை போட்டிருந்தது, உள்ளே பூசாரி அலங்காரம் செய்துகொண்டிருந்தார். வெயிலில் கூட்டம் கண் சொருகிக் கிடந்தது. மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இரண்டு பாட்டு முடிந்தும் ஒருவரும் கை தட்டவில்லை. கைதட்டு இல்லாவிட்டால் மாஸ்டருக்கு மூச்சு முட்டும்.

“கூட்டம் செத்துக் கெடக்கு வே. எழுப்பி விடுதேன் பாரும்.”

“வேண்டாம் மாஸ்டர், திரை தொறக்கட்டும்” என்றேன்.

அந்த நேரத்தில் அக்கா மைக்கை விட்டு விலகி, எங்களுக்கு முதுகைக் காட்டி, பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் என் கைக்கு மேலே தன் கையை நீட்டி, பொட்டைத் தேடிப் பிடித்து, முழுச் சத்தத்தில் அமுக்கினார்.

பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து மூன்று பெண்களின் குலவை கிளம்பி ஊர் மேல் விழுந்தது. நான் அவர் கையைத் தட்டிவிடுவதற்குள் முன்வரிசையில் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். பிறகு வரிசை வரிசையாக, பந்தல் முழுக்க. பெண்கள் திரையைப் பார்க்கவே இல்லை, நாக்கு போய்விட்டது. மேளக்காரர்கள் டீ கிளாசைப் போட்டுவிட்டு ஓடிவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். கோமரத்தாடி, அதாவது அந்தக் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர், வேப்பமரத்தடியில் ஃபோனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். சாமியாட்ட உடையான சல்லடம் கட்டவில்லை, மாலை போடவில்லை. பனியனோடு, ஃபோனோடு, அப்படியே ஆடிக்கொண்டு வந்துவிட்டார். திரை இடுக்கில் பூசாரி தலையை நீட்டினார்.

“அம்மனுக்கு ஒரு கண்ணுக்குத்தான் வெள்ளிக் கண்மலரு வச்சிருக்கேன்! இன்னொரு கண்ணு கையில இருக்கு! அதுக்குள்ள எவ கூப்புட்டா?”

மேளத்தை நிறுத்தி, கோமரத்தாடிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி உட்கார வைத்தார்கள். எவ கூப்பிட்டா, எவ கூப்பிட்டா என்று பந்தல் முழுக்க ஒரே கேள்வி. மாஸ்டர் மைக்கை எடுத்தார். உண்மையைச் சொல்லப் போகிறார் என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“பக்தகோடிகள் பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும். நம்ம குழுவுல பாடுற சகோதரி, அம்மன் மேல உள்ள பக்தியில உணர்ச்சிவசப்பட்டு, நேரங்காலம் தெரியாம குலவை போட்டுட்டாங்க.”

குரலில் என்ன ஒரு உருக்கம்! பயந்துபோய்ப் பொய் சொல்லுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இந்த மனிதர் பயப்படக்கூட இல்லை. சட்டைப் பித்தான் போடுவது போல, பழக்கத்தில், கை தானாகச் செய்கிற காரியமாகச் சொன்னார். அக்கா தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

கமிட்டித் தலைவர் அவளைக் கீழே கூப்பிட்டார். நானும் கூடவே இறங்கினேன்.

“அக்கா போடல அண்ணாச்சி. இது கீபோர்டுல இருந்து வந்த சத்தம். அமுக்கினது மாஸ்டர்.”

“பொட்டிக்குள்ள இருந்து குலவை வருமா வே? எங்களப் பாத்தா கேணப்பயலுவ மாதிரி தெரியுதா? பொட்டின்னா டொய்ங்கு டொய்ங்குனு கேக்கும். இது பொம்பளை நாக்கு. பொறந்ததுல இருந்து கேக்கேன், எனக்குத் தெரியாதா?”

இதுவரை என் டோன் எதற்கும் அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. இருமலோடு கூடிய ஏதாவது ஒரு மட்டச் சரக்காக இருந்திருந்தால் பெட்டிச் சத்தம் என்று ஒரு சின்னப்பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நான் நன்றாகச் செய்து தொலைத்ததனால் அது அக்காவின் தலையில் வந்து விடிந்தது.

“இப்பவே அமுக்கிக் காட்டுதேன்” என்றேன்.

“கட்டையில கை வச்சீரு, கைய ஒடிச்சிருவேன். திரை தொறக்காம இன்னொரு சத்தம் வந்துச்சுன்னா கோமரத்தாடி மறுபடியும் எந்திரிப்பாரு. யாரு பதில் சொல்ல?”

மாஸ்டர் இடையில் வந்து, “கீபோர்டுக்காரர் கொஞ்சம் எளகின மனசு அண்ணாச்சி. அந்தம்மாவ விட்டுக் குடுக்க மாட்டாரு” என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. அதைச் செய்த வாயைப் பற்றி எழுதினால் தாள் நாறும்.

சம்பந்தியம்மாள் யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், “மேடையப் பாத்துட்டா சில பேருக்கு நெலகொள்ளாது. பிள்ளையக் குடுத்த எடமாச்சேன்னு ஒரு அடக்கம் வேண்டாமா?” பின்னால் நின்ற மகள் தரையைப் பார்த்தாள். அப்போதுதான் அக்காவின் முகம் வெளுத்தது. குழுவை விட்டு அனுப்பினால் வேறு குழு இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் அங்கேதான் இருந்தாக வேண்டும். இனிமேல் அந்த ஊரில் கொடிக்காலில் நோய் விழுந்தாலும், ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒற்றைக் கண்ணோடு அம்மனைக் கூப்பிட்டவளின் மகள் என்று பேச்சு வரும். அதைக் கேட்டுக்கொண்டு அவள்தான் சோறு வடிக்க வேண்டும்.

அக்கா அழவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “சத்தம் வந்த நேரத்துல நான் திரும்பி நின்னு தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தேன்” என்று ஆரம்பித்து, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எவளாவது குலவை போடுவாளா என்று கேட்டாள்.

கமிட்டித் தலைவர் மீசையைத் தடவினார். பின்வரிசையில் ஒரு பெண், “ஆமா, பாட்டில தூக்குனா, நான் பாத்தேன்” என்றாள். இன்னொருத்தி, “குடிச்சுட்டுப் போட்டிருப்பா” என்றாள்.

“திரை தொறக்கட்டும் அண்ணாச்சி” என்றாள் அக்கா. “தொறக்கும்போது ஒருத்தரும் குலவை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. மொதக் குலவை மட்டும் எனக்கு விடுங்க. பெறவு நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்.”

“அசலூர்க்காரிக்கு மொதக் குலவையா?” என்று சம்பந்தியம்மாள் எழுந்தாள். தலைவர் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். பந்தலைப் பார்த்து, “ஏளா, நான் சொல்லுத வர ஒருத்தியும் நாக்க அசைக்கக்கூடாது” என்றார்.

மாஸ்டருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. “பொட்டி ரொம்பச் சூடாயிட்டு, கொஞ்சம் ஆஃப் பண்ணிப் போடுவோம்” என்று முணுமுணுத்துக்கொண்டு சுவிட்ச் இருந்த பக்கம் நகர்ந்தார். நான் போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டேன். கூலிங் கிளாசைக் கழற்றி என்னை முறைத்தார். எத்தனையோ வருடத்தில் அன்றுதான் அவர் கண்ணைப் பகலில் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை.

உள்ளே மணி அடித்தது. பூசாரி திரையை விலக்கினார். இரண்டு கண்ணோடும் அம்மன், முன்னால் தீபம். மேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி நின்றார்கள். பந்தலில் ஒரு நாக்கும் அசையவில்லை, எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அவள் பாட்டிலைத் தூக்கி வாய் கொள்ளுமட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். உப்பிய கன்னத்தை முதலில் தலைவருக்குக் காட்டினாள், பிறகு சம்பந்தியம்மாளுக்கு. படியேறி மேடைக்கு வந்து, சன்னதியைப் பார்த்து இடது கையால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டு, வலது கையின் ஒரு விரலால் அந்தக் கடைசிக் கட்டையை அமுக்கினாள்.